நம்ம பாடு

உலகத்தில் இதுவரை எழுதப்பட்ட, இனி எழுதப்படப்போகிற எந்தக் கணினி நிரலையும், அது ஓடிக்கொண்டிருக்கும்போது நடுவழியில் மடக்கிப் பிடித்தால், தான் யார், எங்கே நிற்கிறோம், கையில் என்ன வைத்திருக்கிறோம் என்பதை ஒரே சொல்லுக்குக் கட்டுப்பட்டு ஒப்புவித்துவிடும். அந்த ஒரு சொல்லைக் கண்டுபிடித்தவன், பழவேற்காடு ஏரிக்கரை நடுக்குப்பத்தில் கங்காதரனுக்கும் அமுதவல்லிக்கும் மூத்த மகனாகப் பிறந்த தீனா. வருங்காலத்தில் இந்த ஊருக்கு வருகிறவர்கள் ஏரியைப் பார்க்க வரமாட்டார்கள். அவன் பிறந்த வீட்டைப் பார்க்கத்தான் வருவார்கள்.

இதை வலை பின்னும் கொட்டகையில் நின்று, முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல் சொன்னவன் தீனாவேதான். கொட்டகையில் இருந்தவர்கள் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார்கள்.

"அது எங்க கீதுனு அது சொல்லிடும். சரி நைனா," என்றார் பெரியசாமி, கிழிந்த வலையிலிருந்து கண்ணை எடுக்காமல். "உங்கப்பன் காலையிலேர்ந்து உன்னத் தேடிக்கினு கீறாரு. நீ எங்க கீற?"

கொட்டகை சிரித்தது. தீனா சிரிக்கவில்லை. மேதைகளைச் சொந்த ஊர் முதலில் சிரித்துத்தான் வரவேற்கும் என்று அவன் கல்லூரி இதழில் ஏற்கெனவே எழுதியிருந்தான்; அந்தக் கட்டுரையில் மேதை என்று குறிப்பிடப்பட்டது யார் என்பதை மட்டும் தன்னடக்கத்தோடு விட்டிருந்தான்.

அந்த இதழில் அவனுக்கென்று ஒரு பக்கம் உண்டு. அதில் வந்தவற்றிலேயே பெயர்பெற்றது 'எங்க கீற நோய்' என்ற ஆய்வு. ஏரிக்கரைக் குப்பங்களில் பரவியிருக்கும் இந்த நோய்க்கு ஆளானவர்கள், போனை எடுத்தால் வணக்கம் சொல்ல மாட்டார்கள், பெயரைக் கேட்க மாட்டார்கள். முதல் கேள்வி 'எங்க கீற?' இரண்டாவது, 'யார் வூட்ல?' மூன்றாவது, 'பக்கத்துல யாரு?' இந்த மூன்றுக்கும் பதில் வாங்காமல் இவர்களிடம் மணி எத்தனை என்றுகூடத் தெரிந்துகொள்ள முடியாது. துபாயிலிருந்து மகன் அழைத்தாலும், தாய் கேட்கும் முதல் கேள்வி இதுதான். இதற்கு மருந்து இல்லை. நோயாளியின் போனைப் பிடுங்கி ஏரியில் எறிவது ஒன்றே வழி. கல்லூரியில் இதைப் படித்துச் சிரிக்காதவர்கள் இல்லை. வினோதினி மட்டும் சிரிக்கவில்லை. அவள் பழவேற்காட்டுக்காரி, அவளுக்கும் அந்த நோய் இருந்தது.

தீனாவும் வினோதினியும் சேர்ந்து செய்த கருவிக்கு 'நண்டு' என்று பெயர். டீபக்கர் என்பது, பிழையாக ஓடும் நிரலை நடுவில் நிறுத்தி உள்ளே எட்டிப் பார்க்க உதவுகிற சாதனம். அதைச் செய்து விற்கும் நிறுவனம் ஒன்று சென்னையில் இருக்கிறது. அவர்களுடைய டீபக்கரோடு ஒட்டிக்கொண்டு ஓடுவதுதான் நண்டு: நிரல் நின்றவுடன், யார் நின்றது, எதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றது என்று படம் போட்டுக் காட்டும். பெயர் வைத்தது தீனா. எந்தப் பக்கம் போகிறது என்று யாராலும் சொல்ல முடியாத பிராணி என்பதால் அந்தப் பெயர் பொருத்தம் என்று வினோதினி ஒத்துக்கொண்டாள்.

நிறுவனத்தின் மனோஜ் என்பவர் நண்டைப் பார்த்துவிட்டு ஒரு சோதனை அனுப்பியிருந்தார். பிழை ஒளிந்திருக்கிற ஒரு நிரல். சனிக்கிழமை வீடியோ அழைப்பில் நண்டை அதன்மேல் விட்டு, குற்றவாளி யார் என்று காட்டவேண்டும். சரியாகக் காட்டினால் நண்டைத் தங்கள் டீபக்கரிலேயே சேர்த்துக்கொள்வார்கள். அதைப் பார்த்துக்கொள்ளும் வேலை இரண்டு பேருக்கும் கிடைக்கும். வேலையை அவரவர் ஊரிலிருந்தே செய்யலாம். காட்டாவிட்டால் மீஞ்சூர்தான்; அங்கே தொழிற்சாலை ஷிப்டுக்குத் தீனாவின் பெயரை ஏற்கெனவே கொடுத்து வைத்திருந்தார்கள். குப்பத்தில் அவன் வயசுப் பையன்கள் பாதிப் பேர் விடிவதற்குள் பஸ் பிடித்து ரயில் பிடித்துப் போய்விட்டு, நின்றுகொண்டே தூங்கியபடி திரும்புகிறவர்கள். நடுக்குப்பத்தில் உட்கார்ந்தே, ஏரிக்காற்றை வாங்கிக்கொண்டே வேலை பார்க்கப்போகிற முதல் ஆள் தான்தான் என்று தீனா எல்லோரிடமும் சொல்லிவிட்டான். சொன்னதைத் திரும்ப விழுங்கும் பழக்கம் அவன் குடும்பத்தில் யாருக்கும் இல்லை.

இருவரும் வேலை பார்த்தது புயல் பாதுகாப்பு மையத்தின் மாடியில். புயல் இல்லாத நாட்களில் அங்கே ஆடுகளும் போன் சிக்னலும் மட்டுமே இருக்கும்.

"நீ இந்த வரிய மாத்தவே போறதில்லையா?" என்றாள் வினோதினி, வெள்ளிக்கிழமை மத்தியானம்.

"எந்த வரிய?"

"எல்லாத்துக்கும் அடியில கீதே, அந்த வரிய."

அந்த வரிதான் தீனா கண்டுபிடித்த ஒரே சொல். ஒரு நிரலை நிறுத்திப் பிடித்தால் நாலு விஷயம் தெரியவேண்டும். எந்த நிரல், அதன் எந்த ஓட்டம், அந்த ஓட்டத்துக்குள் எந்த இழை, அந்த இழை எந்தப் படியில் கால் வைத்திருக்கிறது. த்ரெட்டுக்குத் தமிழில் இழை என்று பெயர். வலை கட்டுகிற ஊரில் இந்தச் சொல்லுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. இந்த நாலையும் சேர்த்துக் கட்டிய மூட்டைக்குக் கான்டெக்ஸ்ட் என்று பெயர். வினோதினி எழுதிய ஒவ்வொரு செயல்பாடும் வாசலிலேயே இந்த மூட்டையைக் கேட்டு வாங்கிக்கொண்டுதான் உள்ளே விடும். தீனா எழுதியது எதுவும் எதையும் கேட்காது. நேராக டீபக்கரின் தலைமையிடத்துக்குப் போய், 'இப்போது தேர்ந்தெடுத்து வைத்திருக்கிற இழை எதுவோ அதைக் கொடு' என்று ஒரே வரியில் வாங்கிக்கொண்டு வந்துவிடும்.

"உன் கோடிங் ரேஷன் கடை மாதிரி கீது வினோ," என்றான் தீனா. "உள்ள வர ஒவ்வொருத்தனும் கார்டு காட்டணும். என்னோடது கல்யாண வீடு. வா, உக்காரு, சாப்டு."

"கல்யாண வீடுதான். ஒரே மண்டபத்துல மூணு கல்யாணம். போட்டோகிராபர் எதிர்ல நிக்கிற மாப்பிள்ளைய விட்டுட்டு ஆபீஸ் ரூமுக்குப் போயி, இங்க மாப்பிள்ள யாருனு கேக்கறான். அவங்க காலையில எழுதி வெச்ச பேரச் சொல்லி அனுப்பறாங்க."

"பேரு சரியாத்தானே கீது?"

"ஒரு கல்யாணம்னா சரியா இருக்கும்."

கல்லூரியில் தீனா சோதித்துப் பார்த்த நிரல்கள் எல்லாம் ஒற்றை இழை கொண்டவை. ஒரே கல்யாணம். அதனால் நண்டு ஒருமுறைகூடத் தவறாகச் சொன்னதில்லை. மனோஜ் அனுப்பியதிலோ மூன்று இழைகள். மூன்றும் ஒரே எண்ணை முறைவைத்து மாற்றவேண்டும். ஏதோ ஒன்று முறைதவறிப் புகுந்து அந்த எண்ணைக் கெடுக்கிறது. எண் மாறும் இடத்தில் நிரலை நிறுத்தினால், டீபக்கர் நண்டைக் கூப்பிடும். கூப்பிடும்போதே, நின்ற இழை எந்தப் படியில் நிற்கிறது என்ற விவரத்தையும் கையில் கொடுத்தே கூப்பிடும். அந்த விவரத்தை வாங்குகிற இடத்துக்கு ஏதாவது ஒரு பெயர் வைத்தாகவேண்டும் என்பது விதி. தீனா அதற்கு 'வேணாம்' என்று பெயர் வைத்திருந்தான்.

நண்டு ஓடியது. ஒவ்வொரு முறை நின்றபோதும் முதல் இழை, முதல் இழை, முதல் இழை என்றது.

"பாத்தியா? மொத இழைதான் ஆளு," என்றான் தீனா. "எவ்ளோ தடவ கேட்டாலும் மாத்தாம சொல்லுது பாரு. சாட்சின்னா இப்படி இருக்கணும்."

"மூணு பேரும் மாத்தி மாத்தி நம்பரத் தொடறாங்க. நிக்கிறப்பெல்லாம் மொத ஆளே எப்படி நிப்பான்?"

"அவன் அவ்ளோ கில்லாடி."

வினோதினி மடிக்கணினியை மூடிப் பையில் போட்டுக்கொண்டாள். "நாளைக்கி மனோஜ் சார் கேக்கறப்பவும் இதையே சொல்லு. நல்லா சத்தமா சொல்லு. மீஞ்சூர் வரைக்கும் கேக்கட்டும்."

அவள் பஸ்ஸுக்குப் போனபிறகு, சாயங்காலம் அமுதவல்லியின் அழைப்பு வந்தது.

அமுதவல்லி பிறந்த ஊர் மணல்மேட்டுக்குப்பம். அண்ணன் இளங்கோவன் வீட்டுக்குக் கோயிலில் கூழ் ஊற்றும் விழாவுக்காகப் போயிருந்தாள். அந்த வாரம் ஏரியில் ஒரு சிக்கல். முகத்துவாரத்தை ஒட்டி இறால் திரளுகிற இடத்துக்குப் பாடு என்று பெயர். அங்கே வலை கட்டும் முறைக்கும் பாடு என்றுதான் பெயர். நடுக்குப்பம், மணல்மேட்டுக்குப்பம், தோப்புக்குப்பம் என்று மூன்று ஊர்களும் நாள்முறை வைத்துப் பாடு இறங்கும். காற்று பேஜார் பண்ணியதில் சில நாள் யாரும் இறங்கவில்லை. விட்ட முறையை எங்கிருந்து தொடங்குவது என்று மூன்று ஊர்ப் பெரியவர்களும் அதே கோயிலில் உட்கார்ந்து பேச வேண்டியிருந்தது. நடுக்குப்பத்துப் பெரியவரான கங்காதரன் போகவில்லை, காலில் கெளுத்தி முள் ஏறி வீங்கியிருந்தது. அவர் சார்பில் போன பெரியசாமி, பேச்சு முடிந்து கூழும் கருவாட்டுக் குழம்புமாகத் தங்கிவிட்டார். அவர் போன் அணைந்து கிடந்தது.

"தீனா, உங்க நைனா கிட்ட சொல்லிடு," என்றாள் அமுதவல்லி. பின்னால் பம்பைச் சத்தம். "பேசி முடிச்சாச்சி. நாளைக்கி நம்ம பாடு."

தீனா அப்போது நண்டின் மூலையில் ஒரு நண்டுப் படம் வரைந்துகொண்டிருந்தான். எட்டாவது கால் சரியாக வரவில்லை.

"சரிமா. நம்ம பாடு. சொல்லிடறேன்."

"அதனால நான் நாளைக்கி…"

"நாளைக்கி எனக்குச் சோதனைமா. அப்பறம் பேசறேன்." வைத்துவிட்டான்.

வீட்டு வாசலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார் கங்காதரன். சேதி கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது. பல நாளாக இறங்காத பாடு. இறால் கனத்துக் கிடக்கும்.

"உங்கம்மா எங்கேர்ந்து பேசினா?"

தீனா மானசீகமாகக் கட்டுரையில் ஒரு பத்தி சேர்த்துக்கொண்டான். "எங்கேர்ந்து பேசினா இன்னா நைனா? பேசினது அம்மா. சொன்னது நம்ம பாடு. இதுல இன்னா ஆராய்ச்சி?"

"யார் வூட்ல இருந்தானு கேட்டியா?"

"நைனா. நாளைக்கி நான் கம்பெனிக்காரங்ககிட்ட பேசப்போறேன். ஒரு சேதிய ஒழுங்கா வாங்கிக்கினு வந்து சொல்லத் தெரியாதா எனக்கு?"

கங்காதரன் மகனை நிமிர்ந்து பார்த்தார். குப்பத்தில் அவனுக்கு இணையாகப் படித்தவர்கள் இல்லை என்பதில் தீனாவைவிட அவருக்குத்தான் நம்பிக்கை அதிகம். "தெரியும்பா," என்றார். வீங்கிய காலுக்குத் துணி சுற்றிக்கொண்டு, படகுக்காரர்களுக்குச் சொல்லி அனுப்பினார்.

காலையில் தீனா படித்துறைக்குப் போனபோது அங்கே பாதி ஊர் நின்றிருந்தது. எல்லோரும் ஏரியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் வந்ததும் ஒதுங்கி வழி விட்டார்கள்.

ஏரியில் நடுக்குப்பத்துப் படகுகள் வரிசையாகத் திரும்பி வந்துகொண்டிருந்தன. ஒன்றிலும் எஞ்சின் சத்தம் இல்லை. எல்லா எஞ்சினும் தண்ணீருக்கு மேலே தூக்கிக் கட்டியிருந்தது. ஆட்கள் கோல் ஊன்றித் தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

தன் முறையல்லாத நாளில் பாடு இறங்கிய ஊர், எஞ்சினைத் தூக்கிக்கொண்டு கோல் போட்டுத்தான் கரைக்குத் திரும்பவேண்டும். எல்லோரும் பார்க்கவேண்டும், மெதுவாகப் பார்க்கவேண்டும். அதற்காகத்தான் அந்த வழக்கம். அவன் பிறந்த பிறகு நடுக்குப்பம் ஒருமுறைகூட இப்படித் திரும்பியதில்லை.

முதல் படகில் கங்காதரன். வீங்கிய காலைப் பலகையில் மடக்கி வைத்து, மற்றக் காலில் நின்று கோல் ஊன்றிக்கொண்டிருந்தார். பக்கத்திலிருந்தவர் கோலை வாங்கக் கை நீட்டினார், அவர் கொடுக்கவில்லை.

படகுகளுக்குப் பின்னால் எஞ்சின் உறும ஒரு படகு வந்தது. இளங்கோவன், தீனாவின் தாய்மாமன். கரைவரை கொண்டுவந்து விடுவதும் வழக்கத்தில் சேர்த்திதான்.

"மச்சான்," என்று கங்காதரனைக் கூப்பிட்டார். "நான் ஒண்ணும் சொல்லல. ஊர்ல சொல்லுவாங்க. விடிகால இருட்டுல வந்து வலைக்கம்பு ஊனறாங்க, கேட்டா நம்ம பாடுன்றாங்க. எந்த நம்மனு கேட்டேன். அமுதா சொன்னானு சொல்றாங்க."

கங்காதரன் கரையேறினார். தீனாவைத் தாண்டிப் போகும்போது நின்றார். திட்டுவார் என்று தீனா காத்திருந்தான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"உனக்கு இன்னிக்கி சோதனைல்ல?" என்றார். "போப்பா. நேரமாவுது." நொண்டிக்கொண்டே நடந்தார்.

போன் அடித்தது. அமுதவல்லி.

"டேய், இன்னாடா பண்ணி வெச்ச?"

"நீதானமா நம்ம பாடுனு சொன்ன?"

"எங்கண்ணன் வூட்ல உக்காந்துக்கினு நம்மன்னா யாருடா? இருபத்தி மூணு வருசமா உங்கப்பன் கூட வாழறேன், நான் பொறந்த வூட்ல இருந்து பேசனா அவருக்குத் தெரியும் நம்மன்னா யாருன்னு. அங்க வூட்ல இருந்து பேசனா அவருக்குத் தெரியும். நாளைக்கி இவங்க பாடு, இறால் வரும், எடுத்துக்கினு நாளன்னிக்கி வரேன்னு சொல்ல வந்தேன். நீ வெச்சிட்ட. எங்க கீறமானு ஒரு வார்த்த, ஒரே ஒரு வார்த்த கேட்டியாடா நீ?"

கேட்டோமா என்று தீனா நேற்றைய பேச்சை ஒருமுறை மனதில் ஓட்டிப் பார்த்தான். இல்லை.

புயல் மையத்தின் படிகளில் அவன் ஏறியபோது வினோதினி ஏற்கெனவே வந்திருந்தாள். பழவேற்காடு பஸ் நிறுத்தத்துக்கே சேதி போய்ச் சேர்ந்திருந்தது என்பது, அவள் எதையும் கேட்காததிலிருந்து தெரிந்தது. ஒரு ஆட்டை விரட்டி அவனுக்கு இடம் கொடுத்தாள்.

அவன் மடிக்கணினியைத் திறந்தான். எல்லாவற்றுக்கும் அடியில் இருந்த அந்த வரிக்கு வந்தான். 'இப்போது தேர்ந்தெடுத்து வைத்திருக்கிற இழை.' யார் தேர்ந்தெடுத்தது? எப்போது? நேற்று அந்த வரியைப் பார்த்தபோது அதில் எந்தக் குறையும் தெரியவில்லை. இப்போது அந்த இடத்தில் யாரோ 'நம்ம' என்று எழுதிவைத்திருப்பதுபோல் இருந்தது. நிரல் நின்ற நொடியில் தலைமையிடத்தின் பலகையில் பழைய பெயர் அப்படியே இருக்கிறது. இன்னும் யாரும் மாற்றி எழுதவில்லை. நின்றவனோ எதிரில் நிற்கிறான், தன் படியைக் கையில் பிடித்துக்கொண்டு, 'வேணாம்' என்று பெயர் எழுதிய வாசலில்.

வரியை அழித்தான்.

"வினோ."

"ம்."

"அந்தக் கான்டெக்ஸ்ட்… உன்னுதுல எப்படி வாங்கற?"

"இன்னாது? காத்துல காது கேக்கல."

"கான்டெக்ஸ்ட் எப்படி வாங்கறனு கேட்டேன்."

"ரேஷன் கடைக்கு வந்திருக்கியா? கார்டு கீதா?"

அவன் மடிக்கணினியை அவள் பக்கம் திருப்பினான். அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். மேற்கொண்டு கேலி செய்ய நினைத்திருந்ததை விட்டுவிட்டாள்.

"கையில கொடுக்கறத வாங்கு. அதான் ஆரம்பம்," என்றாள். "படி கையில வந்துடுச்சா? அதுகிட்டயே கேளு, நீ எந்த இழைன்னு. இழைகிட்ட கேளு, நீ எந்த ஓட்டம்னு. ஓட்டத்துகிட்ட கேளு, நீ எந்த நிரல்னு. கீழேர்ந்து மேல போ. ஆபீஸ் ரூமுக்குப் போகாத. ஒவ்வொண்ணும் வாங்கனப்பறம், உண்மையிலயே கீதானு தட்டிப் பாத்துக்கோ. சில நேரம் வெறும் மூட்ட வரும்."

'வேணாம்' என்ற பெயரை அழித்து 'வந்தபடி' என்று மாற்றினான். பெயரைப் பார்த்து வினோதினி புருவத்தை உயர்த்தினாள். சிலேடை அந்த நிலையிலும் அவனை விடவில்லை. பிறகு தன் செயல்பாடுகள் ஒவ்வொன்றின் வாசலிலும் மூட்டை கேட்கும் ஆளை நிறுத்தினான். நிறைய வாசல்கள் இருந்தன. அத்தனையும் அவனே காவலில்லாமல் கட்டியவை. அவன் வாசிக்க, அவள் தட்ட, அவள் வாசிக்க, அவன் தட்ட, கல்யாண வீடு மொத்தமும் ரேஷன் கடையாக மாறியபோது, வெயில் மாடிக் கைப்பிடிச் சுவரைத் தாண்டி உள்ளே வந்திருந்தது. ஓட்டிப் பார்க்க நேரமில்லை. அழைப்பு வந்துவிட்டது.

கூடவே ஊரும் வந்துவிட்டது. காலையில் கோல் போட்டுத் திரும்பிய அவமானத்தோடு வீட்டில் உட்கார்ந்திருக்க யாருக்கும் மனமில்லை போலும். படிகளிலும் சுவரோரத்திலும் ஆடுகளுக்கு நடுவிலும் வந்து நின்றார்கள். கடைசியாக, இரண்டு பேர் தோளைப் பிடித்துக்கொண்டு கங்காதரன் ஏறி வந்தார்.

"பின்னாடி நிறைய பேர் இருக்காங்க போல," என்றார் திரையில் மனோஜ்.

"எங்க டீம் சார்," என்றான் தீனா.

நண்டை விட்டான். எண் மாறும் இடத்தில் நிரல் நின்றது. டீபக்கர் கூப்பிட்டது. நண்டு கையை நீட்டி, கொடுத்ததை வாங்கிக்கொண்டது.

இரண்டாவது இழை, என்றது.

மறுபடி ஓட்டினார்கள். மூன்றாவது இழை. மறுபடி. முதல் இழை. மறுபடி மூன்றாவது, இம்முறை அதன் கையிலிருந்த எண் பழைய எண். மற்ற இரண்டும், ஒரு நேரத்தில் ஒரே ஒரு இழையை மட்டும் உள்ளே விடுகிற பூட்டு திறக்கக் காத்திருந்துவிட்டு எண்ணைத் தொடுகின்றன. மூன்றாவது காத்திருக்கவே இல்லை. அது நின்றிருந்த படியையும், அந்தப் படிக்கு வந்த வழியையும் நண்டு படம் போட்டுக் காட்டியது. பூட்டைக் கேட்கும் வரி அந்த வழியில் எங்குமே இல்லை.

"மூணாவது இழை சார்," என்றான் தீனா. "தன் முறை வர்றதுக்கு முன்னாடியே உள்ள பூந்துடுது."

பின்னாலிருந்து யாரோ, "அவனையும் எஞ்சினத் தூக்கிக்கினு வரச் சொல்லு!" என்றார்கள். கங்காதரன்தான் முதலில் சிரித்தார். அதற்குப் பிறகே மற்றவர்கள் சிரித்தார்கள்.

மனோஜ் சிரிப்பு அடங்கக் காத்திருந்தார். "சரியா சொன்னீங்க. இந்தச் சோதனைய வேற சிலருக்கும் அனுப்பினோம். எல்லாரும் முதல் இழைன்னுதான் சொன்னாங்க. தேர்ந்தெடுத்ததக் கேட்டா அப்படித்தான் வரும். அந்த இடத்துலதான் விழுவாங்கன்னு தெரிஞ்சே வெச்சோம். நீங்க மட்டும் எப்படி விழல?"

தீனா நிமிர்ந்து உட்கார்ந்தான். கொட்டகையில் உலகத்துக்கு அறிவிப்பு விடுத்த அதே முகம் திரும்பி வந்தது.

"சார், எங்க ஏரியில ஒரு வழக்கம் உண்டு," என்றான். "ஒருத்தர் எங்க இருக்காரு, யார் வீட்ல இருக்காரு, பக்கத்துல யார் இருக்காங்கன்னு கேட்டுத் தெரிஞ்சுக்காம, அவர் சொல்ற ஒரு வார்த்தையையும் நாங்க எடுத்துக்க மாட்டோம். தலைமுறை தலைமுறையா வர்ற வழக்கம். அதைத்தான் நண்டுல வெச்சிருக்கோம்."

வினோதினிக்குத் திடீரென்று பலத்த இருமல் வந்தது.

"பிரமாதம்," என்றார் மனோஜ். நண்டை எடுத்துக்கொள்கிறோம் என்றார். திங்கட்கிழமை இருவரும் ஒருமுறை சென்னைக்கு வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனால் போதும், வேலையை அவரவர் ஊரிலிருந்தே தொடங்கலாம் என்றார். காற்று பலமாக அடித்தாலும் அது எல்லோருக்கும் கேட்டது.

மாடியில் எழுந்த சத்தத்தில் ஆடுகள் படியிறங்கி ஓடின. பெரியசாமி, தன் போன் அணைந்து கிடந்ததை எல்லோரும் மறந்துவிட வேண்டும் என்பதற்காக, மற்றவர்களைவிடச் சத்தமாகக் கத்தினார். கங்காதரன் மகன் அருகே வந்து, திரையில் ஓடாமல் நின்றிருந்த நண்டுப் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எட்டுக் காலுதான் போட்டிருக்க. கொடுக்கு எங்க?"

"போட்டுடறேன் நைனா."

"போடு." அவன் தோளில் கை வைத்தார், கால் வலிக்காக ஊன்றிக்கொண்டதுபோல் பாவனை செய்தார், ஆனால் எடை அதில் இல்லை. திரும்பிக் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்: "நம்ம பையன்." எந்த நம்ம என்று அங்கே யாரும் கேட்கவில்லை.

அந்த ஆரவாரத்துக்கு நடுவில் தீனாவின் போன் அடித்தது. அமுதவல்லி. அவன் எழுந்து, வினோதினிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போனான். வாயைக் கையால் மறைத்துக்கொண்டான்.

"தீனா, நைனா கிட்ட ஒண்ணு சொல்லணும்…"

"இரும்மா," என்றான், பக்கத்தில் யாருக்கும் கேட்காத குரலில். "நீ எங்க கீற?"

"இன்னாது?"

"எங்க கீறமா? யார் வூட்ல? பக்கத்துல யாரு?"

அமுதவல்லி சொன்னாள். அவன் கடைசிவரை கேட்டான்.